மொளகும் மருந்தும் பங்காளிங்க

மாதம்மா ரெண்டு நாளு பாறை மேல படுத்துக் கெடந்துட்டு, மூணாம் நாளு காலையில செம்மேட்டு டிரஸ்ட் ஆபீசுக்கு வந்து நின்னுச்சு. மூஞ்சியெல்லாம் செவந்து மூக்குல தோலு உரிஞ்சிருந்துச்சு. கையில ஒரு சீட்டு.

"நர்சம்மா, நல்லாக் காஞ்சுட்டனான்னு பாத்துச் சொல்லுங்க."

மேனகா நர்ஸ் சீட்டை வாங்கிப் பாத்தாங்க. மேல பேரு, வயசு நாப்பத்தெட்டு, மூட்டுவலி, எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. அதுக்குக் கீழ மாத்திரை பேரு வர வேண்டிய எடத்துல கம்ப்யூட்டரு அடிச்சுத் தள்ளியிருந்துச்சு: 'ஈரம் அதிகம். இரண்டு நாள் வெயிலில் நன்றாகக் காயவைத்து மறுபடி கொண்டுவரவும். தரம்: இரண்டு.'

"இதைப் படிச்சுப்போட்டா போயி பாறையில படுத்தே?"

"எனக்கெங்கீங்க படிக்கத் தெரியும்? மருமவ படிச்சுச் சொன்னா. புதுசா ஏதோ வைத்தியம் கண்டுபுடிச்சிருக்காங்களாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். சும்மா சொல்லக்கூடாது, வலி கொறஞ்சிருக்குதுங்க. தரம் ரெண்டுன்னு போட்டீங்க பாருங்க, அதுதான் சங்கடமா இருக்குது. ஒண்ணுன்னு போட்டிருக்கலாம்."

ரமேஷ்குமாரு பிரிண்டருக்குப் பின்னால குனிஞ்சு ஒயரைப் பாக்கற மாதிரி நின்னான். ஒயருல ஒண்ணுமே இல்ல. அந்தச் சேதிய எழுதுனவனே அவன்தான். ஆனா மொளகு மூட்டைக்கு எழுதுனான். மூட்டைக்கு எழுதுனது மாதம்மா மேல எப்படி ஏறுச்சுன்னுதான் அவனுக்குத் தெரியல.

இது ரெண்டாயிரத்து ரெண்டாம் வருசத்துச் சங்கதி. ரமேஷ்குமாரு அதே மலையில குண்டனி நாட்டுப் பையன். இருவத்திரண்டு வயசு. அவங்கூட்டுல மலைய வுட்டு எறங்கி, கோயமுத்தூருல ஒரு சின்னக் கம்ப்யூட்டர் கம்பெனியில சேந்த மொத ஆளு அவன்தான். சேந்து அஞ்சு மாசம் ஆச்சு. ஆறாவது மாசம் முடிஞ்சாத்தான் வேலை நெரந்தரம். பயந்த சுபாவம் வேற. ரூமைப் பூட்டிட்டு மூணு தடவ இழுத்துப் பாப்பான். மூணாவது தடவ பூட்டு கையோட வந்துரும்.

கம்பெனி மொதலாளி குணசேகரன், "நீ அந்த மலைக்காரன்தானே, நீயே போயிச் சரி பண்ணு"ன்னு அனுப்பிவுட்டுட்டாரு.

சரி பண்ண வேண்டியது என்னன்னா, டிரஸ்டுக்கு நாலு சோலி. மொளகு கொண்டாந்தா ஈரம் பாத்துத் தரம் போட்டுச் சீட்டு குடுக்கறது. சாமை வெத வேணுங்கற குடும்பத்துக்கு வெத குடுக்கறது. ஜீப்பு எந்த ஊருக்கு எப்பப் போவுதுன்னு முடிவு பண்றது. நர்சம்மா நோயாளிங்களுக்குச் சீட்டு எழுதறது. இந்த நாலுக்கும் சேத்து ஜீவானந்தம்னு ஒருத்தரு ஒரே புரோகிராமா எழுதி வெச்சுட்டு பெங்களூரு போயிட்டாரு. பன்னெண்டாயிரம் வரி. நடுவுல ஒரு செவுரு கெடையாது. எல்லாச் சேதியையும் ஒரே சட்டியில போட்டு, எல்லாரும் அதுலயே கைய வுட்டு எடுத்துக்கற மாதிரி பண்ணி வெச்சிருந்தாரு. மொளகுக்குன்னு ரமேஷ்குமாரு போன வாரம் வந்து சேத்த சேதிய மருந்து எடுத்து மாதம்மாளுக்குக் குடுத்துருச்சு. அது பத்தாதுன்னு, வெத குடுக்கற நாளு வந்தா மணல் கடிகாரத்தைக் காட்டிட்டு கம்ப்யூட்டரு அப்படியே ஒறைஞ்சு நின்னுரும்.

"ரமேசு, ஒயரு போதும். வெளிய வா"ன்னாங்க மேனகா. அவங்க காளப்பநாயக்கன்பட்டிக்காரங்க. தெனமும் மொத பஸ்ஸுல மலையேறி வந்து கடேசி பஸ்ஸுல எறங்கறவங்க. சத்தம் போட்டுப் பேசவே மாட்டாங்க, அதுதான் பயமே. "இன்னிக்குச் செவ்வாக்கெழமை. வெள்ளிக்கெழமை மத்தியானம் வரைக்கும் உனக்கு டைம். அன்னிக்கு வெத குடுக்கற நாளு, மொளகும் வரும், நோயாளிங்களும் வருவாங்க. ஒரே ஒரு சீட்டு தப்பா வந்தாலும், இல்ல மிசினு நின்னாலும், இந்தப் பொட்டியத் தூக்கி ஜீப்புல போட்டு அனுப்பிருவேன். நான் பழையபடி நோட்டுலயே எழுதிக்கறேன்."

எஸ்.டி.டி. பூத்துல இருந்து மொதலாளிக்குப் போன் போட்டான்.

"பொட்டி கீழ வருதுன்னா நீயும் அதே ஜீப்புல ஏறிக்கோ ரமேசு"ன்னாரு குணசேகரன். "வழியில உங்கூட்டுகிட்ட எறங்கிரு. கோயமுத்தூரு வரைக்கும் எதுக்கு வீணா அலையறே?"

அவ்வளவுதான். வேலை இருக்குமா போவுமாங்கறது வெள்ளிக்கெழமை மத்தியானத்துல போயி உக்காந்துக்கிச்சு.

ஆபீசுல டைப் அடிக்கற புள்ள பானுமதி. பக்கத்து ஊருதான், ரமேஷ்குமாருக்குப் பங்காளி முறை, தங்கச்சி ஆவோணும். வாயி நீளம். "ஏண்ணா, நர்சக்கா திட்டுனதுல நீயும் ரெண்டு நாளு பாறையில காயப் போறியா?"ன்னுட்டுப் பக்கத்துல வந்து உக்காந்தா.

"கிண்டல் பண்ணாத பானு. இதைத் தனித்தனி மாட்யூலாப் பிரிக்கோணும்."

"மாட்யூலுன்னா?"

"ஊடு மாதிரின்னு வெச்சுக்கோ. இப்ப நாலு குடும்பமும் ஒரே கூடத்துல கெடக்குது. ஆளுக்கொரு ஊடு கட்டோணும். அவங்கவங்க சட்டி அவங்கவங்க ஊட்டுல. ஒருத்தரு அடுப்படிக்குள்ள இன்னொருத்தரு நொழையக்கூடாது. வேணுங்கறதை வாசல்ல நின்னு கேட்டு வாங்கிக்கோணும்."

"யாரு யாருகிட்ட வேணும்னாலும் கேக்கலாமா?"

"கூடாது, கூடாது. மொறை இருக்குது."

"அப்படின்னா பொண்ணு எடுத்த ஊட்டுலதான் உரிமையாப் போயிக் கேக்க முடியும்"ன்னா பானுமதி.

ரமேஷ்குமாரு அவளையே பாத்தான். நல்லாத்தான் இருந்துச்சு. மருந்துக்கு ஜீப்பு வேணும், அப்ப மருந்து ஊடு ஜீப்பு ஊட்டுல பொண்ணு எடுக்குது. "சரி. ஆனா எடுத்த ஊட்டுக்கே திருப்பிப் பொண்ணு குடுக்கக்கூடாது."

"அத நீ சொல்லோணுமா? எங்க மாமனும் பெரியப்பனும் பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுத்தாங்கல்ல. மோருல உப்பில்லைன்னு எங்க மாமன் ஒரு வார்த்தை சொல்லிப்போட்டாரு. அத்தை கோவிச்சுக்கிட்டுப் பொறந்த ஊட்டுக்கு, பெரியப்பங்கிட்ட வந்துருச்சு. அது வந்துச்சுன்னு பெரியம்மா பொட்டியத் தூக்கிட்டு அது பொறந்த ஊட்டுக்கு, மாமங்கிட்டப் போயிருச்சு. பெரியம்மா வந்தாத்தான் அத்தை போவுமாம், அத்தை வந்தாத்தான் பெரியம்மா போவுமாம். ரெண்டு ஊட்டுலயும் ஆறு மாசம் அடுப்பு எரியல."

"அதேதான்!"னு ரமேஷ்குமாரு மேசையத் தட்டுனான். இவன் அவன் பதிலுக்குக் காத்திருக்கான், அவன் இவன் பதிலுக்குக் காத்திருக்கான். மணல் கடிகாரம் பின்ன எதுக்கு வருதாம்?

பழைய காலண்டரு நாலைப் பசை போட்டு ஒட்டி, அதும் பொறத்தால நாலு ஊடு வரைஞ்சான். மொளகு, சாமை, ஜீப்பு, மருந்துன்னு எழுதுனான். பானுமதிக்குப் புடிக்கல.

"சாமான் பேரு எழுதுனா மனசுல நிக்காதுண்ணா. ஆளு பேரு போடு." அவளே ஸ்கெட்ச் பேனாவைப் புடுங்கி எழுதுனா. மலையில மொளகுன்னா வெள்ளியங்கிரி, அவருக்குத்தான் கொடி ஜாஸ்தி. சாமை வெதையக் காபந்து பண்றது மாதம்மா. ஜீப்பு ஓட்டறது ராசப்பன். மருந்துன்னா நர்சம்மா. ரெண்டு பேருமாச் சேந்து மொறை மொறையா எழுதி அம்பு போட்டாங்க:

'வெள்ளியங்கிரி ஊடு ராசப்பன் ஊட்டுல பொண்ணு எடுக்கலாம்.'

'நர்சம்மா ஊடும் ராசப்பன் ஊட்டுல பொண்ணு எடுக்கலாம்.'

'ராசப்பன் ஊடு மாதம்மா ஊட்டுல எடுக்கோணும்.' வெத எந்தெந்த ஊருக்குப் போவுதுன்னு அங்க கேட்டாத்தான ஜீப்பு கெளம்ப முடியும்.

'மாதம்மா ஊடு நர்சம்மா ஊட்டுல எடுக்கோணும்.' மலையில இருக்கற குடும்பங்க லிஸ்டு மருந்து ஊட்டுலதான் இருந்துச்சு.

கடேசியா, அந்தப் பாறை வைத்தியம் மறுபடி நடக்கக்கூடாதுன்னு, செவப்பு மையில பெருசா: 'வெள்ளியங்கிரி ஊட்டுக்கும் நர்சம்மா ஊட்டுக்கும் ஒட்டுறவே கூடாது!!!'

கண்ணுக்கு நேரா இருக்கட்டும்னு செவுத்துல ஒட்டுனான். ஜன்னலு தொறந்திருந்ததை அவன் கவனிக்கல. பூட்டைத்தான் மூணு தடவ பாப்பான், ஜன்னலைப் பாக்க மாட்டான்.

புதன்கெழமை பூரா குனிஞ்ச தலை நிமிராம புரோகிராமை நாலு ஃபைலா வெட்டிப் பிரிச்சான். வெளிய மொளகு மூட்டையோட வரிசையில நின்னவங்க ஜன்னலு வழியா செவுத்தைப் படிச்சாங்க. படிச்சவங்க படிக்காதவங்களுக்குச் சொன்னாங்க. சாயங்காலத்துக்குள்ள மலை பூராச் சேதி: கோயமுத்தூருல இருந்து ஒரு கம்ப்யூட்டரு வந்திருக்குது, யாரு ஊட்டுல யாரு பொண்ணு எடுக்கோணும்னு அதுதான் சொல்லுது.

வியாழக்கெழமை காலையில பானுமதி வெத குடுக்கற மாதிரி தட்டிப் பாத்தா. மணல் கடிகாரம் வந்துச்சு. ஒறைஞ்சு நின்னுருச்சு. ரமேஷ்குமாரு செவுத்தைப் பாத்தான். ஊடு தனித்தனியாத்தான் இருக்குது, எந்த ரெண்டு ஊடும் பொண்ணு மாத்திக்கல. பின்ன எதுக்கு நிக்குது?

வாசல்ல செருப்புச் சத்தம். வெள்ளியங்கிரி அஞ்சாறு பேரோட உள்ள வந்தாரு. பின்னால ராசப்பன் ஜீப்புச் சாவியச் சுத்திக்கிட்டு. அதுக்கும் பின்னால மாதம்மா.

"ஏனுங் மாப்ள, எங்கூட்டோட ஒட்டுறவு கூடாதுன்னு எழுதி ஒட்டியிருக்கியாமா? அதுவும் செவப்புல?"

"மாமா, அது மனுசங்க ஊடு இல்லீங்..."

"என்ற பேரு போட்டிருக்குது, மனுசன் இல்லீங்கறியா?"

"அதில்லீங்க மாமா, இது புரோகிராமு..."

"ஞாயித்துக்கெழமை என்ற புள்ள கௌசிகாவைப் பொண்ணு பாக்க வாராங்க. அவங்க காதுல இது உழுந்தா என்ன நெனப்பாங்க? எங்க ஊட்டுல என்ன கொறை, சொல்லு!"

ராசப்பன் கூட்டத்தை வெலக்கிட்டு முன்னால வந்தான். "அண்ணே, உங்களது பரவால்ல. என்ற கதைய வந்து பாருங்க. ரெண்டு ஊட்டுக்குப் பொண்ணு குடுக்கச் சொல்லி எழுதியிருக்குது. எனக்கு இருக்கறதே ஒண்ணு. அதும் அஞ்சாவது படிக்குது."

"எனக்குப் பொண்ணே இல்ல சாமி"ன்னுச்சு மாதம்மா. "இருந்தா ராசப்பனுக்குக் குடுப்பனா? அவன் ஜீப்பு ஓட்டற வேகத்துக்கு."

"அக்கா, ஜீப்பை எதுக்கு இழுக்கறே?"

பானுமதி வாயப் பொத்திக்கிட்டு ஜன்னலு பக்கம் திரும்பிக்கிட்டா. அவ தோளு குலுங்கறது மட்டும் தெரிஞ்சுது. ரமேஷ்குமாரு, "கிழிச்சர்றேனுங்க மாமா"ன்னு செவுத்துகிட்டப் போனான்.

"கிழிக்கப்படாது!"ன்னாரு வெள்ளியங்கிரி. "கிழிச்சா எழுதுனது நெசம்னு ஆயிரும். உக்காரு. நாயம் பேசித் திருத்தோணும்."

எல்லாரும் கீழ உக்காந்துட்டாங்க. வெள்ளியங்கிரி மட்டும் நின்னாரு. இடுப்புல இருந்து ஒரு மொளகுக் கொத்துக் காம்பை எடுத்து, செவுத்துல அம்பு அம்பா வெச்சுப் பாத்தாரு. அவரு கோவமே கொஞ்சம் கொஞ்சமா வேற கோவமா மாறுச்சு.

"எவன்டா இந்தச் சம்பந்தத்தைப் பேசுனவன்? இங்க பாருங்க. ராசப்பன் மாதம்மா ஊட்டுல எடுக்கறான். சரி. மாதம்மா நர்சம்மா ஊட்டுல எடுக்குது. சரி. நர்சம்மா யாரு ஊட்டுல எடுக்குது?"

"என்ற ஊட்டுல"ன்னான் ராசப்பன்.

"மூணு ஊட்டுச் சுத்து! ரெண்டு ஊடு மாத்திக்கிட்டாலே சிக்கலு. இதுல மூணு. நர்சம்மா ஊட்டுல ஒருத்தி கோவிச்சுக்கிட்டுக் கெளம்புனா, ராசப்பன் ஊட்டுல ஒருத்தி கெளம்புவா, மாதம்மா ஊட்டுல ஒருத்தி கெளம்புவா. மூணு ஊட்டுலயும் சோறு இல்ல. எந்த மடையன் இப்படிப் பேசுவான்?"

ரமேஷ்குமாரு எந்திரிச்சான். வெள்ளியங்கிரி கையில இருந்த காம்பைப் பாத்தான், செவுத்தைப் பாத்தான், ஒறைஞ்சு நிக்கற கம்ப்யூட்டரைப் பாத்தான். இவன் ரெண்டு ரெண்டு ஊடாத்தான் சரிபாத்தான். மூணாவது ஊட்டைச் சுத்திக்கிட்டு வரும்னு யாரு கண்டா? மருந்து ஜீப்பைக் கேக்குது, ஜீப்பு சாமையக் கேக்குது, சாமை திரும்ப மருந்தைக் கேக்குது. மூணும் ஒண்ணுக்கொண்ணு காத்துக்கிட்டு நிக்குது.

"மாமா, அந்த மடையன் நான்தானுங்க"ன்னான் சந்தோசமா.

இதை யாரும் எதிர்பாக்கல. வெள்ளியங்கிரிக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. "சரி சரி வுடு மாப்ள, சின்னப் பையன், உனக்கென்ன தெரியும்"னாரு.

"இதை எங்கீங்க மாமா அறுக்கறது?"

உடனே ஆளுக்கொண்ணு சொன்னாங்க. ராசப்பன் தனக்குப் பொண்ணே வேண்டாம்னான். அதைக் கேட்டு மாதம்மா, "அப்ப வெத மூட்டைய உங்கொப்பனா தூக்கிட்டுப் போவான்?"ன்னுச்சு. "எனக்குந்தான் நர்சம்மா ஊட்டுல என்ன சோலி? குடும்பங்க லிஸ்டு வேணும், அதுக்குத்தான போறேன்? லிஸ்டு என்ன அவங்க அப்பன் ஊட்டுச் சொத்தா? ஊருக்குப் பொது."

"பொதுன்னா கோயில்ல வெச்சர்லாமே"ன்னா பானுமதி. சிரிப்பு இன்னும் அடங்கல, ஆனா சொன்னது சரியாத்தான் இருந்துச்சு. "கோயிலுக்கு எல்லாரும் போலாம். கோயிலு யாரு ஊட்டுக்கும் பொண்ணு கேட்டு வராது."

ரமேஷ்குமாரு ஓடிப்போயி காலண்டருல அடியில ஒரு கோபுரம் வரைஞ்சான். குடும்பங்க லிஸ்டை மருந்து ஊட்டுல இருந்து பேத்து அங்க வெச்சான். சாமையும் மருந்தும் லிஸ்டுக்கு இனிமே கோயிலுக்குப் போவும். சாமையில இருந்து மருந்துக்குப் போன அம்பை அடிச்சான். வெள்ளியங்கிரி காம்பை வெச்சு மறுபடி சுத்திப் பாத்தாரு. காம்பு கோயில்ல வந்து நின்னுருச்சு, அதுக்கு மேல போவ வழியில்ல.

"இப்பச் சம்பந்தம் சுத்தம்"னாரு. "ஆனா அந்தச் செவப்பு மை?"

"அது மட்டும் முடியாதுங்க மாமா. மொளகும் மருந்தும் ஒட்டவே கூடாது. என்ற வேலையே அதுல இருக்குது."

வெள்ளியங்கிரி யோசிச்சாரு. "ரெண்டு ஊட்டுக்குள்ள பொண்ணு குடுக்கல் வாங்கல் கூடாதுன்னா ரெண்டே காரணம். ஒண்ணு பகை. இல்லாட்டிப் பங்காளி. பகைன்னா எனக்குக் கேவலம். பங்காளின்னு எழுதிரு, மருவாதையா இருக்கும்."

அப்படியே எழுதுனான், பச்சை மையில. ஞாயித்துக்கெழமை வாரவங்க என்னத்தைக் கேட்டாலும் இனிப் பயமில்லைன்னு வெள்ளியங்கிரி துண்டை ஒதறித் தோள்ல போட்டுட்டுக் கெளம்புனாரு.

அப்பத்தான் உள்ள வந்த மேனகாவுக்கு இந்த நாயம் ஒண்ணும் தெரியாது. வாசல்ல அவங்களைப் பாத்ததும் வெள்ளியங்கிரி, "வா தங்கச்சி, பஸ்ஸு லேட்டா?"ன்னாரு. நாலு வருசமா அவரு வாயில இருந்து 'நர்சம்மா' தவுர வேற வந்ததில்ல. மேனகா திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே வந்தாங்க.

செவுத்துல திருத்துன மாதிரியே ரமேஷ்குமாரு ராத்திரியோட ராத்திரியாப் புரோகிராமையும் திருத்தி முடிச்சான். வெள்ளிக்கெழமை விடிஞ்சதும் வரிசை ரோட்டு வரைக்கும் நின்னுச்சு. வெதைக்கு வந்தவங்க, மொளகுக்கு வந்தவங்க, காய்ச்சலு, இருமலு. அது போவ, வேடிக்கை பாக்க வந்தவங்க பாதிப் பேரு. வெள்ளியங்கிரி புதுத் தங்கச்சிக்குச் சீரா ஒரு பலாப்பழத்தைத் தூக்கிட்டு வந்து மேனகா மேசை மேல வெச்சுட்டாரு. மேசை ஒரு பக்கமாச் சாஞ்சுது. மேனகா பழத்தைப் பாத்தாங்க, ரமேஷ்குமாரைப் பாத்தாங்க.

"இதுக்கும் உன் கம்ப்யூட்டருக்கும் சம்பந்தம் இருக்குதா?"

"லேசா இருக்குதுங்கக்கா."

பதினோரு மணி வரைக்கும் எல்லாம் ஓடுச்சு. சாமைச் சீட்டு சாமையா வந்துச்சு. ஜீப்புப் பட்டியலு வந்துச்சு, மணல் கடிகாரம் எட்டிக்கூடப் பாக்கல. மருந்துச் சீட்டுல மாத்திரை பேரு வந்துச்சு. மேனகா ஒவ்வொண்ணையும் வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சுப் பாத்தாங்க. அப்பறமா, அவங்க வழக்கப்படி மெதுவா ஒண்ணு கேட்டாங்க.

"மொளகுக்கும் மருந்துக்கும் ஒட்டே இல்லைன்னு சொல்றே?"

"இல்லவே இல்லீங்கக்கா."

"அப்ப மொளகைத் தூக்கி வெளிய போடு. போட்டுட்டு மருந்துச் சீட்டை அடி. நான் பாக்கோணும்."

இப்படி யாராச்சும் கேப்பாங்கன்னு ரமேஷ்குமாரு நெனச்சே பாக்கல. பன்னெண்டாயிரம் வரியில எங்கயாச்சும் ஒரு மூலையில மருந்து இன்னும் மொளகு ஊட்டுக் கதவைத் தட்டிக்கிட்டு நின்னா? ஒரே ஒரு வரி போதும், எல்லாம் படுத்துரும். வெளிய ராசப்பன் ஜீப்பு நின்னுக்கிட்டிருந்துச்சு; பின்னால எடம் காலியா இருந்துச்சு.

"என்ன, என்ற ஊட்டை இடிக்கறாங்களா?"ன்னு வெள்ளியங்கிரி முன்னால வந்தாரு.

"இடிச்சுப் பாக்கறாங்க மாமா"ன்னா பானுமதி.

ரமேஷ்குமாரு மொளகு ஃபைலை ஒரு ஃப்ளாப்பியில எடுத்துக்கிட்டு, கம்ப்யூட்டருல இருந்து அழிச்சான். அழிக்கட்டுமான்னு அது கேட்டப்ப ரெண்டு தடவ வேற பட்டனு உழுந்துச்சு. மூணாவது தடவ சரியா உழுந்துச்சு. மொளகு ஊடு போச்சு.

"யாருக்குச் சீட்டு?"

வரிசையில மொதல்ல நின்ன செல்லமுத்து கைய நீட்டுனாரு. "எனக்குத்தானுங்க. சளி."

பானுமதி தட்டுனா. பிரிண்டரு ஒரு நிமிசம் சும்மா இருந்துச்சு. ஆபீசுல இருந்த அத்தனை பேரும் மூச்சை நிறுத்திக்கிட்டாங்க. செல்லமுத்து மட்டும் இருமுனாரு. அப்பறம் கர்ர்ர்ருன்னு காயிதம் வெளிய வந்துச்சு. மேனகா கிழிச்சு எடுத்தாங்க. பேரு, வயசு அறுவத்தொண்ணு, சளி. மாத்திரை ரெண்டு வேளை, சாப்பாட்டுக்கப்பறம். ஈரம் இல்ல, வெயிலு இல்ல, தரம் இல்ல.

மேனகா அந்தச் சீட்டை இன்னொரு தடவ படிச்சுட்டுச் செல்லமுத்துகிட்டக் குடுத்தாங்க. மேசை டிராவத் தொறந்து, பொட்டி சரியா ஓடுதுன்னு கம்பெனிக்கு அனுப்ப வேண்டிய பேப்பரை எடுத்து, பலாப்பழத்தைக் கொஞ்சம் தள்ளி வெச்சுட்டுக் கையெழுத்துப் போட்டாங்க.

"பொட்டி இங்கயே இருக்கட்டும். உங்க சாருகிட்டச் சொல்லிரு."

ரமேஷ்குமாரு சரீங்கக்கான்னு பேப்பரை வாங்கி மடிச்சான். எஸ்.டி.டி. பூத்துக்கு ஓட நாலு எட்டு வெச்சிருப்பான், வெள்ளியங்கிரி குறுக்க நின்னுக்கிட்டாரு.

"எங்க மாப்ள ஓடறே? இடிச்ச ஊட்டைக் கட்டிக் குடுத்துப்போட்டுப் போ. மூட்டை வெளிய நிக்குதல்ல."

"இந்தா, ஒரு நிமிசமுங்க மாமா." ஃப்ளாப்பியச் சொருகுனான். "இந்தப் பட்டனை அமுத்துனா வந்துருமுங்க."

"இரு, இரு. என்ற ஊட்டை நீ எதுக்குக் கட்டறே?" வெள்ளியங்கிரி வெரலை வேட்டியில தொடச்சுக்கிட்டு, பட்டனுக்கு வலிக்குமோங்கற மாதிரி மெதுவா அமுத்துனாரு. மொளகு ஊடு எந்திரிச்சு நின்னுச்சு. அவரு பின்னால திரும்பிக் கூட்டத்தைப் பெருமையாப் பாத்தாரு.

ராசப்பன் பொறத்தால இருந்து எட்டிப் பாத்தான். "அண்ணே, என்றது எந்தப் பட்டனு?"